லிஸ்ட்டை எப்போது எடுப்பது, காப்பி ஏன் காப்பியாக இருப்பதில்லை

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் வேரியபிள், இஃப், லூப் வரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாக வைத்திருக்கும் லிஸ்ட் பற்றிய பாடம் வந்ததும் அப்பெண்ட், இன்சர்ட், எக்ஸ்டெண்ட், ரிமூவ், பாப் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்து புரோகிராம் எழுதச் சொன்னால், எங்கே லிஸ்ட் போடுவது என்று பிடிபடவில்லை. இதோடு, ஒரு லிஸ்ட்டைக் காப்பி எடுத்து அதை மாற்றினால் பழையதும் சேர்ந்து மாறுகிறதே, இது பைத்தானில் உள்ள பிழையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: பிழை இல்லை, மொழியே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்விதான் பெரியது, அதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

எங்கே லிஸ்ட் வேண்டும் என்பதற்கு எளிதான அறிகுறி, வேரியபிள் பெயருக்குப் பின்னால் எண் போடத் தொடங்குவது. வெப்பம்1, வெப்பம்2, வெப்பம்3 என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள் என்றால் அங்கே லிஸ்ட்தான் வேண்டும். இன்னொன்று, எத்தனை மதிப்புகள் வரும் என்று எழுதும்போதே தெரியாத நிலை. இவை இரண்டும் பாடங்களில் பொதுவாகச் சொல்லப்படுபவை. மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் நான் கற்றுக்கொடுக்கும்போது அதிகம் வலியுறுத்துவேன்: அதே தரவை இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கிறதா?

ஒரு உதாரணம். ஐந்து நாள் வெப்பநிலை ஒவ்வொன்றாக உள்ளே வருகிறது: 31, 28, 35, 30, 26. சராசரி என்ன? இதற்கு லிஸ்ட் தேவையே இல்லை. கூட்டுத்தொகைக்கு ஒரு வேரியபிள், எண்ணிக்கைக்கு ஒரு வேரியபிள் போதும். எண் வர வரக் கூட்டிவிட்டு அந்த எண்ணை மறந்துவிடலாம். கடைசியில் 150ஐ 5ஆல் வகுத்தால் 30. இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம்: சராசரியைவிட வெப்பம் அதிகமாக இருந்த நாட்கள் எத்தனை? முதல் எண் 31 வரும்போது அது சராசரிக்கு மேலா கீழா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சராசரி இன்னும் தெரியாது. எல்லா எண்களும் வந்த பிறகுதான் 30 என்ற விடை கிடைக்கும். அதற்குள் 31ஐ மறந்திருந்தால் ஒப்பிட எதுவும் கையில் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் எங்காவது வைத்திருக்க வேண்டும், அந்த இடம்தான் லிஸ்ட். முதல் சுற்றில் சராசரி, இரண்டாம் சுற்றில் ஒப்பீடு. 31, 35 என்று இரண்டு நாட்கள்.

கணக்கு கையில் வந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: வந்த மதிப்பைப் பார்த்ததும் விட்டுவிடலாமா, இல்லை பின்னால் மறுபடி தேவைப்படுமா? விட்டுவிடலாம் என்றால் லிஸ்ட் வேண்டாம். ஒரு நாள் இதே கேள்வி நினைவகத்தை மிச்சப்படுத்துவது பற்றிய கேள்வியாகவும் மாறும். இப்போதைக்கு, லிஸ்ட் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

லிஸ்ட் கையில் வந்த பிறகு அதை வைத்து ஆரம்பநிலையில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். லிஸ்ட் முழுக்கப் போய் ஒரே ஒரு விடையோடு வெளியே வருவது: கூட்டுத்தொகை, மிகப் பெரியது, எத்தனை என்ற எண்ணிக்கை. நிபந்தனைக்குப் பொருந்தியதை மட்டும் பொறுக்கிப் புதிய லிஸ்ட்டில் சேர்ப்பது. ஒவ்வொன்றையும் மாற்றிப் புதிய லிஸ்ட் உருவாக்குவது, செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது போல. பின்னிரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடுதான்: லூப்புக்கு முன்னால் புதிது = [] என்று ஒரு காலி லிஸ்ட், லூப்புக்குள் அப்பெண்ட் (கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது), லூப் முடிந்த பிறகு பிரிண்ட். இந்த மூன்றும் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்பதுதான் முக்கியம். காலி லிஸ்ட் வரியை லூப்புக்குள் தள்ளிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ட் புதிதாகக் காலியாகும், கடைசியாக வந்த ஒன்று மட்டும் மிஞ்சும், அதுவும் நிபந்தனைக்குப் பொருந்தினால்தான். பைத்தானில் இது நான்கு இடைவெளி தள்ளிப்போன விஷயம் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று படாது. விடை ஒரே ஒரு உறுப்போடு வந்தால் முதலில் அந்த வரியைப் போய்ப் பாருங்கள்.

லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்று ஒரே வரியில் இதையே எழுதும் முறை உண்டு. அழகானது, நானும் தினமும் எழுதுகிறேன். ஆனால் மேலே சொன்ன எலும்புக்கூடு கைக்குப் பழகும் முன் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. இதில் வேறு அபிப்பிராயம் உள்ள ஆசிரியர்கள் உண்டு, விதி என்று எதுவும் இல்லை.

அடுத்து, பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணிக்கை. வெப்பம் = [31, 28, 35, 30, 26] என்று வைத்தால் வெப்பம்[0] என்பது 31, வெப்பம்[4] என்பது 26. வெப்பம்[5] என்று கேட்டால் இண்டெக்ஸ் எரர், அதாவது அப்படி ஒரு இடமே இல்லை என்ற பிழை. ஏன் ஒன்றில் தொடங்கவில்லை என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். அடைப்புக்குள் இருக்கும் எண் "எத்தனையாவது" என்று கேட்கவில்லை, "தொடக்கத்திலிருந்து எத்தனை தள்ளி" என்று கேட்கிறது. முதல் உறுப்பு பூஜ்ஜியம் தள்ளி இருக்கிறது. சி மொழியில் இது நேரடியாகவே நினைவக முகவரிக் கணக்கு. பூஜ்ஜியத்தில் தொடங்குவதே நல்லது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார். எல்லா மொழிகளும் அதை ஏற்கவில்லை. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர், ஜூலியா, லுவா ஆகியவற்றில் வழக்கமான தொடக்கம் 1தான். ஆக இது இயற்கை நியதி கிடையாது, ஒரு தேர்வு.

அந்தத் தேர்வின் பலன் ஸ்லைஸில், அதாவது லிஸ்ட்டின் ஒரு துண்டை வெட்டியெடுப்பதில், தெரியும். வெப்பம்[1:3] என்றால் [28, 35] கிடைக்கும். 1 உள்ளே, 3 வெளியே. முதல் பார்வைக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் 3லிருந்து 1ஐக் கழித்தால் 2, கிடைத்த உறுப்புகளும் இரண்டு. வெப்பம்[:2], வெப்பம்[2:] என்று ஒரே எண்ணில் வெட்டினால் இரண்டு துண்டும் சேர்ந்து முழு லிஸ்ட், நடுவில் எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை வராது. கடைசி உறுப்புக்கு வெப்பம்[-1]. இன்னொரு வேற்றுமையையும் கவனியுங்கள்: வெப்பம்[5] எரர் தரும், ஆனால் வெப்பம்[2:100] எரர் தராது, இருக்கும்வரை எடுத்துக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். தவறான எல்லை போட்டது தெரியாமலே புரோகிராம் ஓடும்.

உண்மையில் ஆரம்பத்தில் இண்டெக்ஸ் அவ்வளவு தேவைப்படாது. லிஸ்ட்டையே ஃபார் லூப்பில் கொடுத்தால் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். ரேஞ்ச், லென் என்று போட்டு எண்ணை எடுத்து, அந்த எண்ணை வைத்து உறுப்பை எடுப்பது சி, ஜாவா பழக்கத்திலிருந்து வந்த சுற்றுவழி. எண்ணும் வேண்டும், உறுப்பும் வேண்டும் என்றால் எனுமரேட் இருக்கிறது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அ = [1, 2, 3] என்று எழுதி, ஆ = அ என்று எழுதி, ஆ-வில் 4ஐ அப்பெண்ட் செய்துவிட்டு அ-வைப் பிரிண்ட் செய்தால் [1, 2, 3, 4] வருகிறது. நீங்கள் காப்பி என்று நினைத்த வரி காப்பி எடுக்கவே இல்லை. சமக்குறி போட்டதும் பைத்தான் செய்வது வலப்பக்கம் உள்ள பொருளுக்கு இடப்பக்கப் பெயரைச் சூட்டுவது மட்டும்தான். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது மாதிரி, இங்கே ஒரே லிஸ்ட்டுக்கு அ, ஆ என்று இரண்டு பெயர்.

எண்களில் இப்படி ஆகவில்லையே என்று கேட்பீர்கள். க = 5, கா = க, அப்புறம் கா = கா + 1 என்று எழுதினால் க இன்னும் 5ஆகவே இருக்கிறது. இங்கேயும் நடந்தது அதே பெயர் சூட்டல்தான். 5 என்ற எண்ணை யாரும் மாற்றவில்லை, 6 என்ற வேறொரு எண்ணுக்கு கா என்ற பெயர் நகர்ந்தது, அவ்வளவே. எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் இருந்த இடத்தில் மாற்ற முடியாது, லிஸ்ட்டை மாற்ற முடியும். வேறுபாடு சமக்குறியில் இல்லை, பொருளின் குணத்தில் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். மேலே உள்ள அதே அ, ஆவை வைத்து, அப்பெண்ட்டுக்குப் பதில் ஆ = ஆ + [4] என்று எழுதுங்கள். அ-வைப் பிரிண்ட் செய்தால் [1, 2, 3] அப்படியே இருக்கும். கூட்டல் ஒரு புதிய லிஸ்ட்டை உருவாக்கியது, ஆ என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இந்த முறை ஆ += [4] என்று எழுதுங்கள். இப்போது அ-வும் [1, 2, 3, 4] ஆகும். லிஸ்ட்டைப் பொறுத்தவரை += என்பது இருக்கும் லிஸ்ட்டையே நீட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே கட்டளையின் நீள, குறுகிய வடிவங்கள் என்றுதான் லூப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எண்களில் அந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை, லிஸ்ட்டில் தெரிகிறது. இந்த மூன்று சோதனைகளும் ஏன் இப்படி நடக்கின்றன என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு விளக்க முடிந்தால் லிஸ்ட்டில் கடினமான பகுதி உங்களுக்கு முடிந்தது. பைத்தான் டியூட்டர் என்ற இணையக் கருவி இந்த அம்புகளை வரிக்கு வரி வரைந்து காட்டும்.

உண்மையான காப்பி வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுதலாம், அல்லது லிஸ்ட்(அ), அல்லது காப்பி என்ற மெத்தட். மூன்றும் மேலோட்டமான காப்பிதான். வெளி லிஸ்ட் மட்டும் புதிது, உள்ளே லிஸ்ட்டுகள் இருந்தால் அவை பழையவையே. அதனால்தான் கட்டம் = [[0] * 3] * 3 என்று மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, கட்டம்[0][0] = 5 என்றால் மூன்று வரிசைகளின் முதல் இடமும் 5 ஆகிவிடுகிறது. அங்கே இருப்பது மூன்று வரிசை கிடையாது, ஒரே வரிசை மூன்று முறை. விளையாட்டுப் பலகை மாதிரி எதையாவது எழுதப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள். ஒவ்வொரு வரிசையையும் லூப்பில் தனித்தனியாக உருவாக்கி அப்பெண்ட் செய்தால் போதும். இருக்கும் கட்டத்தை உள்ளே வரை காப்பி எடுக்க டீப்காப்பி உண்டு. ஃபங்ஷனுக்கு லிஸ்ட்டை அனுப்பும்போதும் இதே கதை: உள்ளே போவது காப்பி இல்லை, அதே லிஸ்ட். ஃபங்ஷன் அதில் அப்பெண்ட் செய்தால் வெளியே இருப்பவருக்கும் தெரியும்.

இதே குணத்தால் வரும் இன்னொரு தொல்லை சார்ட். வெப்பம் = வெப்பம்.சார்ட்() என்று எழுதினால் அடுத்த வரியில் உங்கள் லிஸ்ட் நன் (எதுவுமில்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) ஆகியிருக்கும். சார்ட் இருக்கும் லிஸ்ட்டையே அடுக்கிவிட்டு எதையும் திருப்பித் தராது. அந்த 'எதுவுமில்லை'யை எடுத்து நீங்களே வெப்பம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். அப்பெண்ட், எக்ஸ்டெண்ட், இன்சர்ட், ரிமூவ், ரிவர்ஸ் எல்லாம் இதே ரகம். பாப் மட்டும் விலக்கு, எடுத்த உறுப்பைக் கையில் கொடுக்கும். பழைய வரிசை கெடாமல் புதிய லிஸ்ட்டாக வேண்டுமென்றால் சார்ட்டட். இரண்டும் சம மதிப்புள்ளவற்றின் பழைய வரிசையைக் குலைக்காது, இது மொழி தரும் உத்தரவாதம். பெயர்வாரியாக அடுக்கிவிட்டுப் பிறகு வயதுவாரியாக அடுக்கினால், ஒரே வயதுக்காரர்கள் பெயர் வரிசையிலேயே நிற்பார்கள். 2002இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் என்ற முறையிலிருந்து வந்த வசதி இது.

லூப் ஓடும்போதே அந்த லிஸ்ட்டிலிருந்து நீக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் கேட்பீர்கள். எண்கள் = [2, 4, 6, 7]. இதில் இரட்டை எண்களை நீக்க லூப்புக்குள் ரிமூவ் போட்டால் மிஞ்சுவது [7] இல்லை, [4, 7]. முதல் சுற்றில் இடம் 0இல் உள்ள 2 போய்விட்டது, மீதி எல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்ந்து [4, 6, 7] ஆகிறது. லூப் அடுத்து இடம் 1ஐப் பார்க்கிறது. அங்கே இப்போது இருப்பது 6. இடம் 0க்கு நகர்ந்துவிட்ட 4ஐ யாரும் பார்க்கவே இல்லை. எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பு. நீக்குவது என்று யோசிக்காமல், வைத்துக்கொள்ள வேண்டியதைப் புதிய லிஸ்ட்டில் சேர்ப்பது என்று யோசித்தால் இந்தச் சிக்கலே எழாது. மேலே சொன்ன பொறுக்கும் எலும்புக்கூடு இதற்குத்தான்.

இதுவரை சொன்னதில் இரண்டு வகை உண்டு, பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் சூட்டல், இண்டெக்ஸ், சார்ட் எதுவும் திருப்பித் தராதது போன்றவை பைத்தான் மொழியின் விதிகள், எந்தக் கணினியிலும் மாறாது. வேகம் பற்றிய பேச்சு அப்படி இல்லை. நாம் வழக்கமாக நிறுவிக்கொள்ளும் சிபைத்தானில், லிஸ்ட் என்பது உறுப்புகளின் முகவரிகளை அடுத்தடுத்து வைத்திருக்கும் ஒரு வரிசை. கடைசியில் சேர்ப்பது மலிவு, முன்னால் சேர்த்தால் பின்னால் உள்ள அத்தனையும் நகர வேண்டும். ஒரு மதிப்பு இருக்கிறதா என்று இன் போட்டுக் கேட்டால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். நூறு உறுப்புகளில் தெரியாது. லட்சம் உறுப்புகளில் லட்சம் முறை கேட்டால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் தேடாமலே விடை சொல்லும் செட் அல்லது டிக்ஷனரி வேண்டும். பாடத்திட்டத்தில் வரும் லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்தது எங்கே என்று குறித்துவைத்திருப்பது) இதிலிருந்து முற்றிலும் வேறான அமைப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பைத்தான் லிஸ்ட்டில் முன்னால் சேர்ப்பது மலிவு என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். வேறு மொழிக்குப் போகும்போது நான் மொழி விதி என்று சொன்னதையும் மறுபடி சோதித்துப் பாருங்கள்: ஜாவாஸ்கிரிப்ட்டில் [10, 9, 2] என்பதை வெறுமனே சார்ட் செய்தால் [10, 2, 9] வரும், எண்களை எழுத்துகளாக நினைத்து ஒப்பிடுவதால்.

மனப்பாடம் செய்த மெத்தடுகளில் இப்போதைக்கு அப்பெண்ட், பாப், சார்ட் மூன்றையும், கூடவே லென், இன் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம், தேவைப்படும்போது ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு மேக்ஸ் உதவியில்லாமல் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெரியது = 0 என்று தொடங்கியிருந்தால் [-4, -9, -2] கொடுத்துப் பாருங்கள், லிஸ்ட்டிலேயே இல்லாத 0 விடையாக வரும். முதல் உறுப்பிலிருந்து தொடங்கினால் அது சரியாகும், ஆனால் காலி லிஸ்ட் கொடுத்தால் இண்டெக்ஸ் எரர் வரும். அதற்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பைத்தானின் மேக்ஸே அங்கே எரர்தான் தருகிறது. அது முடிந்ததும் இரண்டாவது பெரிய எண். [35, 35, 31] என்ற லிஸ்ட்டுக்கு விடை 35ஆ 31ஆ என்று கணக்கு கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.